டெலோரியன் ஸ்போர்ட்ஸ் கார்: சாலையில் எஞ்சியிருப்பவை எத்தனை?

டெலோரியன் டி.எம்.சி-12 என்பது வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரை ஒட்டியுள்ள டன்மரியில் 1981, 1982 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தயாரிக்கப்பட்ட, இரண்டு இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். வண்ணம் பூசப்படாத துருப்பிடிக்காத எஃகு உடலும், பறவை இறக்கை விரிப்பதுபோல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளும் இதன் அடையாளங்கள். சுமார் 9,000 கார்கள் தயாரான நிலையில் நிறுவனம் திவாலானது. அவற்றில் ஏறத்தாழ 6,500 கார்கள் எஞ்சியிருப்பதாக 2007-ஆம் ஆண்டளவில் மதிப்பிடப்பட்டது. இன்றும் பரவலாக எடுத்தாளப்படுவது அந்த எண்தான்.

ஆனால் ஒரு கார் 'இருக்கிறது' என்பதும் 'சாலையில் ஓடுகிறது' என்பதும் ஒன்றல்ல. 6,500 என்பது இருப்பவற்றின் மதிப்பீடு. ஓடுபவற்றின் கணக்கு அன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டையும், தயாரித்த நிறுவனமே மறைந்த பின்னும் இத்தனை கார்கள் பிழைத்திருப்பதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காரின் பின்னணி

ஜான் டெலோரியன் 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த பொறியாளர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் விரைவாக உயர்ந்து, 40 வயதிலேயே அதன் பாண்டியாக் பிரிவின் தலைவரானார். 1973-இல் அந்நிறுவனத்தை விட்டு விலகி, 1975-இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். காரின் வெளித்தோற்றத்தை இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜூஜாரோ உருவாக்கினார். உட்பொறியியலை இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் பெருமளவு திருத்தி அமைத்தது.

தொழிற்சாலைக்கான பெரும் முதலீடு பிரிட்டன் அரசிடமிருந்து வந்தது. அப்போது வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலான வன்முறை தொடர்ந்துகொண்டிருந்தது. மேற்கு பெல்பாஸ்ட்டில் வேலையின்மை கடுமையாக இருந்தது. இரு சமூகத்தினரும் வாழும் பகுதிகளுக்கு நடுவே ஒரு தொழிற்சாலை அமைந்தால் வேலையும் வரும், பகையும் தணியும் என்று அரசு எண்ணியது. 1978 அக்டோபரில் கட்டுமானம் தொடங்கியது. 1981 ஜனவரியில் முதல் கார் வெளிவந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கார் கட்டிய அனுபவம் இல்லாதவர்கள்.

அமெரிக்காவில் காரின் விலை சுமார் 25,000 டாலர். 130 குதிரைத்திறன் கொண்ட வி6 இயந்திரம் அந்த விலைக்கு ஈடான வேகத்தைத் தரவில்லை என்ற குறை எழுந்தது. பொருளாதார மந்தமும் சேர, விற்பனை சரிந்தது. 1982 பிப்ரவரியில் நிறுவனம் கடன் மீட்பு நிர்வாகிகளின் கைக்குச் சென்றது. மேலும் நிதியளிக்க மார்கரெட் தாட்சர் அரசு மறுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டெலோரியன் போதைப்பொருள் வழக்கில் கைதானார். 1984-இல் அவர் குற்றமற்றவர் என நடுவர் குழு தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் தொழிற்சாலை மூடப்பட்டு, 2,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்திருந்தனர்.

தயாரிக்கப்பட்டவை எத்தனை?

எஞ்சியவற்றை எண்ணுவதற்கு முன், மொத்தம் எத்தனை என்பது தெரிய வேண்டும். அந்தத் தொடக்க எண்ணிலேயே சிக்கல் இருக்கிறது. வெவ்வேறு நூல்களும் பட்டியல்களும் 9,000-க்குச் சற்று மேலும் கீழுமாக வெவ்வேறு எண்களைத் தருகின்றன.

இதற்கு முதல் காரணம், கார்களின் வரிசை எண்கள் தொடர்ச்சியாக இல்லாமை. விற்பனைக்கான கார்களின் எண்கள் 1-இல் அல்ல, 500-இல் தொடங்குகின்றன. இடையே பெரிய தாவல்கள் உள்ளன. 15,000-ஐத் தாண்டிய எண் கொண்ட கார்களும் உண்டு. கடைசிக் காரின் எண்ணைப் பார்த்து மொத்தத்தைச் சொன்னால் கணக்கு இருமடங்கு தவறிவிடும்.

இரண்டாவது காரணம், நிறுவனத்தின் வீழ்ச்சி. திவாலானபோது பாதி முடிந்த கார்கள் ஆலையில் நின்றன. அவற்றை முடிக்கும் பணி 1982 டிசம்பர் வரை நடந்தது. விற்காமல் கிடந்த கார்களையும் உதிரிபாகங்களையும் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த ஒரு மொத்தக் கொள்முதல் நிறுவனம் வாங்கியது. 1982-இல் கட்டிய கார்களில் ஒரு பகுதி 1983-ஆம் ஆண்டு மாதிரியாக விற்கப்பட்டது. ஆகவே ஒரு காரின் 'ஆண்டு' அது கட்டப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எண்ணுவோருக்குச் சாதகமான ஒரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 17 எழுத்துகள் கொண்ட ஒரே சீரான வாகன அடையாள எண் 1981-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்துதான் கட்டாயமானது. டெலோரியன் சரியாக அந்த ஆண்டில் சந்தைக்கு வந்தது. அதன் எண்கள் அனைத்தும் 'எஸ்.சி.இ' என்ற எழுத்துகளில் தொடங்குகின்றன. பத்தாவது எழுத்து மாதிரி ஆண்டைக் குறிக்கிறது. ஆகவே எந்த நாட்டுப் பதிவேட்டிலும் ஒரு டெலோரியனை ஐயமின்றி அடையாளம் காண முடியும். இதற்கு முந்திய தலைமுறை ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை.

'எஞ்சியிருப்பது' என்பதன் நான்கு நிலைகள்

ஒரு பழைய காரைப் பற்றிப் பேசும்போது நான்கு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஓடும் கார். பதிவும் காப்பீடும் நடப்பில் உள்ளன; ஆண்டுக்குச் சில முறையேனும் சாலைக்கு வருகிறது.

இரண்டாவது, நிறுத்தி வைக்கப்பட்ட கார். உரிமையாளர் இருக்கிறார், சாவி இருக்கிறது. பழுது பார்க்கப் பணமோ நேரமோ இல்லாததால் கொட்டகையில் நிற்கிறது.

மூன்றாவது, காட்சிப் பொருளான கார். பெல்பாஸ்ட்டுக்கு அருகே கல்ட்ராவில் உள்ள அல்ஸ்டர் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் ஒரு டெலோரியன் உள்ளது. அது அழியாமல் பாதுகாக்கப்படும்; ஆனால் சாலையில் ஓடும் கார்களின் கணக்கில் சேராது.

நான்காவது, பாகங்களாக மட்டும் எஞ்சிய கார். விபத்தில் சிதைந்த ஒரு காரின் கதவு ஒரு காரிலும், இயந்திரம் வேறொன்றிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தக் கார் முடிந்துவிட்டது. ஆனால் அதனால் மற்ற இரண்டு கார்கள் பிழைத்துள்ளன.

6,500 என்ற மதிப்பீடு இவற்றில் முதல் மூன்றையும் உள்ளடக்கியது. சாலையில் உள்ளவை மட்டும் எத்தனை என்று கேட்டால், விடை அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும் அந்த மதிப்பீடு 2007-ஆம் ஆண்டளவிலானது. அதன் பின்னரும் விபத்துகள் நடந்துள்ளன. கொட்டகைகளில் கிடந்த சில கார்கள் மீண்டும் உயிர்பெற்றும் உள்ளன.

அரசுப் பதிவேடுகள் காட்டுவதும் மறைப்பதும்

பிரிட்டனில் இந்தக் கணக்கைப் பார்ப்பது ஓரளவு எளிது. அந்நாட்டின் ஓட்டுநர், வாகன உரிம முகமையின் பதிவேட்டைக் கொண்டு, ஒவ்வொரு மாதிரியிலும் எத்தனை வாகனங்கள் சாலை உரிமத்துடன் உள்ளன என்ற புள்ளிவிவரம் காலாண்டுதோறும் வெளியிடப்படுகிறது. காரை ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர், அது சாலைக்கு வெளியே இருப்பதாகச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். 'சார்ன்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அறிவிப்பு முறை 1998-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஓடுபவை, நிற்பவை என்ற இரு எண்களும் தனித்தனியே கிடைக்கின்றன.

இருந்தும் சில ஓட்டைகள் உண்டு. 1998-க்கு முன்பே உரிமம் காலாவதியாகி, அதன்பின் வெளியே எடுக்கப்படாத கார் இரண்டு பட்டியலிலும் இராது. பதிவு செய்யும் எழுத்தர் மாதிரியின் பெயரை வேறு விதமாக எழுதியிருந்தால், ஒரே வகைக் கார்கள் இரண்டு மூன்று தலைப்புகளின் கீழ் சிதறிவிடும். வட அயர்லாந்தின் வாகனப் பதிவு 2014 வரை தனியாக நடந்தது. அதற்கு முந்திய பல புள்ளிவிவரங்களில், இந்தக் கார் பிறந்த மண்ணில் ஓடியவையே சேரவில்லை.

வரி விலக்கும் கவனிக்க வேண்டிய ஒன்று. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குச் சாலை வரி இல்லை. பெரிதாக மாற்றப்படாதவை கட்டாய ஆண்டுச் சோதனையிலிருந்தும் விலக்குப் பெறுகின்றன. டெலோரியன்கள் 2020களின் தொடக்கத்தில் இந்த வயதை எட்டின. வரி இல்லாவிட்டாலும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் செலவே இல்லாமல் உரிமம் கிடைப்பதால், ஓடாத காரைக்கூடச் சிலர் உரிமத்துடன் வைத்திருக்க வாய்ப்புண்டு. அதனால் 'உரிமம் உள்ளது' என்பது 'ஓடுகிறது' என்பதற்கு முழுச் சான்று ஆகாது.

டெலோரியன்களில் மிகப் பெரும்பகுதி விற்பனையானது அமெரிக்காவில்தான். அங்கு வாகனப் பதிவு மாநிலங்களின் பொறுப்பு. விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் 1976-ஆம் ஆண்டு மாதிரி முதலான பெட்ரோல் கார்கள் குறிப்பிட்ட இடைவெளியில் புகைச் சோதனையில் தேற வேண்டும். அதில் தேறாத டெலோரியன் நல்ல நிலையில் இருந்தாலும் சாலைக்கு வர இயலாது. ஓட்டாமல் வைக்கப்போவதாக அறிவித்து, குறைந்த கட்டணத்தில் பதிவைத் தக்கவைக்கும் வழியும் அங்கு உண்டு. இப்படி 50 மாநிலங்களின் 50 விதமான நடைமுறைகளிலிருந்து ஒரே எண்ணைப் பெறுவது கடினம்.

நாடு விட்டு நாடு செல்லும் கார்களும் கணக்கைக் குழப்புகின்றன. டெலோரியன் இடப்பக்க ஸ்டியரிங்குடன் தயாரிக்கப்பட்டது. மிகச் சிலவே வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டன. பிரிட்டனில் இன்று உள்ளவற்றில் பல, அங்கிருந்து அமெரிக்கா சென்று மீண்டும் இறக்குமதியானவை. அமெரிக்கப் பதிவேடு அந்தக் காரை நீக்கத் தவறினால், ஒரே கார் இரு நாடுகளிலும் எண்ணப்படும்.

உரிமையாளர் பட்டியல்களும் மதிப்பீடும்

அரசு தராத கணக்கை உரிமையாளர்களே திரட்டுகிறார்கள். அடையாள எண், இருக்கும் இடம், நிலை ஆகியவற்றை வைத்து, உரிமையாளர் சங்கங்களும் ஆர்வலர்களும் பட்டியல்களைத் தொகுக்கின்றனர். ஏல அறிவிப்புகள், காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பாக அறிவித்த கார்கள், கண்காட்சிப் படங்கள் ஆகியவற்றிலிருந்தும் எண்கள் சேர்கின்றன.

இத்தகைய முழுமையற்ற பட்டியல்களிலிருந்து மொத்தத்தை ஊகிக்க, உயிரியலாளர்கள் ஏரி மீன்களை எண்ணக் கையாளும் முறை உதவும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு சங்கத்தின் பட்டியலில் 100 கார்கள் உள்ளன. அதனோடு தொடர்பில்லாமல் தொகுத்த இரண்டாவது பட்டியலில் 50 கார்கள் உள்ளன. இவற்றில் 10 கார்கள் இரண்டிலும் வருகின்றன. அதாவது, இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே சங்கம் அறிந்திருக்கிறது. எல்லாக் கார்களுக்கும் இதே விகிதம் பொருந்துமானால், மொத்தம் 100-இன் ஐந்து மடங்கு, அதாவது 500 கார்கள் இருக்கலாம்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. சங்கத்தில் சேர்பவரே கண்காட்சிக்கும் காரைக் கொண்டுவருவார். கொட்டகையில் காரைப் பூட்டி வைத்தவர் இரண்டிலும் இரார். ஆகவே கிடைக்கும் விடை உண்மையைவிடக் குறைவாக அமையக்கூடும்.

மிக அரிய கார்களுக்கு இத்தகைய ஊகங்கள் தேவையில்லை. 1962 முதல் 1964 வரை தயாரான 36 பெராரி 250 ஜி.டி.ஓ கார்களில் ஒவ்வொன்றின் வரலாறும் தனித்தனியே பின்தொடரப்படுகிறது. பல லட்சம் விற்ற சாதாரணக் கார்களை எண்ண எவரும் அக்கறை கொள்வதில்லை. 9,000 என்ற அளவில் உள்ள டெலோரியன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஒவ்வொன்றையும் அறிய முடியாத அளவுக்கு அதிகம்; எண்ணிப் பார்க்கும் ஆசையைக் கைவிட முடியாத அளவுக்குக் குறைவு.

இத்தனை கார்கள் பிழைத்தது எப்படி?

சாதாரணமாக ஒரு காரின் ஆயுளை முடிப்பது பழுது அன்று, விலை. பழுது பார்க்கும் செலவு காரின் சந்தை மதிப்பைத் தாண்டும் நாளில் அது காயலான் கடைக்குப் போகிறது. பெரும்பாலான கார்கள் 15 முதல் 20 ஆண்டுகளில் இந்த நிலையை அடைகின்றன. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின்னும் டெலோரியன்களில் நூற்றுக்கு 70-க்கும் மேல் எஞ்சியிருந்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, உடலின் உலோகம். வெளித்தகடுகள் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த இந்த எஃகு, தரமான எவர்சில்வர் பாத்திரங்களில் பயன்படும் அதே வகை. குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவதால் துரு அண்டுவதில்லை. தகட்டில் விழும் சிறு கீறலைப் பாத்திரம் தேய்க்கும் நார் போன்ற ஒன்றால், உலோகத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்த்து மறைத்துவிட முடியும். எஃகுத் தகடுகளுக்கு உள்ளே இருக்கும் உடற்கூடு கண்ணாடியிழையால் ஆனது, அதுவும் துருப்பிடிக்காது. கவனிப்பாரின்றிப் பல ஆண்டுகள் கிடந்த டெலோரியனும் பார்வைக்குக் கார் போலவே இருக்கும். துருவேறிய காரைத் தூக்கி எறிய மனம் வரும். இதை எறிய மனம் வருவதில்லை.

இரண்டாவது, உதிரிபாகங்கள். ஆண்டுக்குப் பல ஆயிரம் கார்கள் விற்கும் என்று நம்பி நிறுவனம் பாகங்களை வாங்கிக் குவித்திருந்தது. விற்பனை பொய்த்தது, பாகங்கள் மிஞ்சின. ஒஹையோவில் சேமிக்கப்பட்டிருந்த அந்தக் கையிருப்பை, 1997-இல் லிவர்பூலைச் சேர்ந்த மெக்கானிக்கான ஸ்டீபன் வின் தொடங்கிய டெக்சாஸ் நிறுவனம் வாங்கியது. இப்போதைய டெலோரியன் நிறுவனம் எனப்படுவது அதுவே. 1975-இல் தொடங்கிய நிறுவனத்தோடு அதற்குப் பெயரும் பாகங்களும்தான் உறவு. ஆக, நிறுவனத்தை மூழ்கடித்த அதே தவறான விற்பனைக் கணிப்பு, கார்களைக் காப்பாற்றிவிட்டது.

மூன்றாவது, திரைப்படம். 1985-இல் வெளிவந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் இந்தக் கார் காலப் பயண எந்திரமாக வந்தது. 1989-இலும் 1990-இலும் அடுத்த பாகங்கள் வெளியாயின. பொதுவாக ஐந்து முதல் பத்து வயதுவரை ஒரு கார் 'பழைய வண்டி' என்று மதிப்பிழக்கும். அது அரிய பொருளாகப் பின்னர் மதிக்கப்படும் முன்பே பெரும்பகுதி அழிந்துவிடும். அந்த ஆபத்தான இடைக்காலத்தில்தான் டெலோரியன் உலகப் புகழ் பெற்றது.

இழப்புக்கான காரணங்கள்

வெளியே மின்னும் எஃகின் அடியில் ஒரு பலவீனம் மறைந்திருக்கிறது. காரின் எடையைத் தாங்கும் அடிச்சட்டம் சாதாரண எஃகால் ஆனது. அதன் மேல் எபாக்சி பூச்சு மட்டுமே உள்ளது. பூச்சில் வெடிப்பு விழுந்தால் ஈரம் உள்ளே தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு இதை விரைவுபடுத்துகிறது. வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி டெலோரியன் வாங்கியவர் ஏமாறும் இடம் இதுவே.

ஓடாமல் நிற்பதும் ஒரு நோய்தான். நீண்ட காலம் நிற்கும் காரில் பெட்ரோல் பிசினாகி, பம்பையும் எரிபொருள் பகிர்வுக் கருவியையும் அடைத்துவிடுகிறது. கதவைத் தூக்கி நிறுத்தும் வாயுத் தண்டுகள் வலுவிழக்கின்றன. இவை எல்லாம் சரிசெய்யத்தக்கவை. ஆனால் எல்லாவற்றையும் ஒருசேரச் சரிசெய்ய வேண்டி வரும்போது உரிமையாளர் தள்ளிப்போடுகிறார். இரண்டாம் நிலையில் உள்ள கார்களில் பல இப்படித்தான் அங்கு வந்து சேர்ந்தன.

பெரிய விபத்துக்குள்ளான கார்களுக்கு மீட்சி அரிது. உடல் தகடுகளை அழுத்தி உருவாக்கிய கனமான அச்சுகள் ஆலை மூடிய பின் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அவற்றில் சில, அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் மீன் பண்ணை வலைகளுக்கு நங்கூரமாகக் கடலில் இறக்கப்பட்டன. ஆகவே சேமிப்பில் உள்ள தகடுகள் தீர்ந்தால், பழைய முறையில் புதியவற்றை அழுத்தி எடுக்க வழியில்லை. திரைப்படமும் சில கார்களைப் பலி கொண்டது. மூன்றாம் பாகத்தின் இறுதியில் ஒரு டெலோரியன் மீது உண்மையிலேயே ரயில் மோதவிடப்பட்டது.

மறுகட்டுமானமும் அடையாளமும்

எஞ்சிய கார்களில் எவை 'அதே கார்' என்பது இன்னொரு கேள்வி. அரிந்துபோன அடிச்சட்டத்துக்குப் பதிலாக, துருப்பிடிக்காத எஃகில் செய்த மாற்றுச் சட்டம் கிடைக்கிறது. பழைய கார் ஒன்றின் அடையாள எண்ணை வைத்துக்கொண்டு, சேமிப்பில் இருந்த பாகங்களால் ஏறத்தாழ முழுக் காரையும் மறுபடி கட்டுவதும் உண்டு. சிலர் இயந்திரத்தை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்துகின்றனர்.

பதிவேட்டைப் பொறுத்தவரை எண் தொடர்ந்தால் கார் தொடர்கிறது. அசல் தன்மையை மதிக்கும் சேகரிப்பாளருக்கு அப்படியன்று. இரண்டு கார்களின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றை ஓட வைக்கும்போது, எஞ்சியவற்றின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. சாலையில் ஓடுபவற்றின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. இரு கணக்குகளும் எதிரெதிர்த் திசையில் நகரக்கூடும் என்பதற்கு இது தெளிவான சான்று.

முடிவுரை

எத்தனை டெலோரியன்கள் எஞ்சியுள்ளன என்ற கேள்விக்குச் சுமார் 6,500 என்பது பயனுள்ள விடை. ஆனால் எந்த ஆண்டில், எந்த நிலையில் உள்ளவற்றைக் குறிக்கிறது என்பதோடு சேர்த்தே அதைச் சொல்ல வேண்டும். எந்தப் பழைய காரைப் பற்றிய எண்ணுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கார்களின் உடல் இன்னும் பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும். அவை சாலையில் ஓடுமா என்பதை எஃகு தீர்மானிக்கப் போவதில்லை. பாகங்களைக் காப்பவர்களும், 1980களின் எரிபொருள் அமைப்பைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும், அந்த வேலையை அடுத்த தலைமுறைக்குக் கற்றுத் தருபவர்களும் இருக்கும் வரைதான் ஓடும். டன்மரி ஆலையில் முதன்முதலாகக் கார் கட்டக் கற்றுக்கொண்ட தொழிலாளர்களுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு வேலை மட்டுமே. அவர்கள் கட்டியவற்றில் பெரும்பகுதி, அந்த ஆலையைவிடப் பல மடங்கு நீண்ட ஆயுளைப் பெற்றுவிட்டது.